வண்டி நகருமுன் மூன்று நிமிடங்கள்

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகள் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனி எப்போது கார் ஓட்டலாம்?" இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், நெடுநாள் முதுகுவலியிலிருந்து தேறியவர்களும் இதையே கேட்கின்றனர். கடைவீதிக்குச் செல்வதற்கும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், மறுபரிசோதனைக்கு வருவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்னும் நிம்மதி அக்கேள்விக்குள் இருக்கிறது.

எப்போது என்பதற்கான விடை ஆளுக்கு ஆள் மாறும். செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, எந்தக் கால், உட்கொள்ளும் மருந்துகள், கண்பார்வை ஆகியவற்றைக் கருதி உங்கள் மருத்துவரே அதனைச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியான "எப்படி உட்கார்ந்து ஓட்டுவது?" என்பதைக் கேட்பவர் மிகச் சிலரே. அதைப் பற்றியே இக்கட்டுரை.

நோய்க்குப் பின் உடல் பழைய உடலாக இருப்பதில்லை. மாற்றப்பட்ட முழங்கால் தொடக்கத்தில் முன்போல மடங்குவதில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவரால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க இயலுவதில்லை. நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வை மங்கச் செய்திருக்கலாம். முதுமையில் முதுகெலும்பு குறுகி உயரமே சற்றுக் குறைந்திருக்கும். காரின் இருக்கையோ பழைய உடலுக்கு வைத்த இடத்திலேயே இருக்கும். அல்லது நீங்கள் மருத்துவமனையில் இருந்த நாள்களில் வண்டியை ஓட்டிய மகனோ, ஆக்டிங் டிரைவரோ, சர்வீஸ் நிலையத்தாரோ தமக்கேற்ப மாற்றிவிட்ட நிலையில் இருக்கும். ஆகவே நோய்க்குப் பின் முதன்முறை ஓட்டுநர் இருக்கையில் அமரும் நாளில், காரைப் புதிதாக உங்கள் உடலுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நிமிடங்கள் போதும்.

அம்மூன்று நிமிடங்களின் மதிப்பை ஓர் எளிய கணக்கு காட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கைத் தேடி இடுப்பை முன்னே நகர்த்துவதற்கோ, கண்ணாடியில் தெரியாத வாகனத்தைக் காணக் கழுத்தை நீட்டுவதற்கோ ஒரு நொடி செலவானால், அந்த 17 மீட்டரையும் நீங்கள் கட்டுப்பாடின்றிக் கடந்திருப்பீர்கள்.

வரிசை முக்கியம்

இருக்கை, தலைத்தாங்கி, ஸ்டியரிங், கண்ணாடிகள், சீட் பெல்ட் என்னும் வரிசையிலேயே சரிசெய்ய வேண்டும். இருக்கையை நகர்த்தினால் கண்களின் இடம் மாறும். கண்களின் இடம் மாறினால் கண்ணாடிகள் காட்டும் காட்சியும் மாறும். கண்ணாடியை முதலில் திருத்தி, பின்பு இருக்கையை நகர்த்தினால் செய்த வேலை வீணாகும். இவை அனைத்தையும் சமதளத்தில், ஹேண்ட் பிரேக் இட்டு, வண்டி நிற்கும்போதே செய்ய வேண்டும். ஓடும் வண்டியில் இருக்கையின் நெம்புகோலை இழுத்தால் இருக்கை திடீரெனப் பின்னே வழுக்கிச் செல்லும்; பிரேக் காலுக்கு எட்டாமற் போகும்.

அமர்வதற்கு முன் பேண்டின் பின்பையில் உள்ள பணப்பையையும் கைபேசியையும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கப் பிட்டத்தின் கீழ் தடித்த பணப்பை இருந்தால் இடுப்பு சாய்ந்து, முதுகெலும்பும் கோணும். காலுக்குச் செல்லும் நரம்பும் அழுந்தும். நீண்ட பயணத்திற்குப் பின் ஒரு காலில் மட்டும் மரத்துப்போகும் உணர்வு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் பணப்பை பற்றியதும் ஒன்று.

இருக்கை

முதலில் பிட்டம் சாய்மானத்தின் அடிப்பகுதியைத் தொடும்வரை நன்றாகப் பின்னே தள்ளி அமருங்கள். இடையில் இடைவெளி விட்டு நுனியில் அமர்பவரின் கீழ்முதுகு வளைந்து, தட்டுகளின் மீது சுமை ஏறும்.

அடுத்து உயரம். உங்கள் காரில் உயரத்தை மாற்றும் வசதி இருப்பின், சாலை ஸ்டியரிங்கிற்கு மேலாகத் தடையின்றித் தெரியும் அளவுக்கு உயர்த்துங்கள். தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவாவது இடம் இருக்க வேண்டும். முழங்கால்கள் இடுப்பை விட உயர்ந்து நிற்கக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு இது கட்டாயமான விதி. தாழ்ந்த இருக்கையில் மூட்டு அளவுக்கு மேல் மடங்கினால், ஆறிவரும் மூட்டு விலகும் ஆபத்துண்டு.

மூன்றாவது, முன்பின் தூரம். என்ஜினை இயக்கிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை முழுவதுமாக அழுத்துங்கள். கிளட்ச் உள்ள வண்டியாயின் இடது காலால் அதையும் அடிவரை அழுத்துங்கள். அந்நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் முற்றிலும் நீண்டுவிட்டால் இருக்கை தொலைவில் உள்ளது என்று பொருள். அவசர நேரத்தில் முழு விசையும் பிரேக்கிற்குச் சேராது. மோதல் நேர்ந்தால் அதிர்ச்சி நீட்டிய கால் வழியே நேராக இடுப்பெலும்புக்கு ஏறும். மிக அருகில் அமர்வதும் தீங்கே. மோதலின்போது முழங்கால் டாஷ்போர்டில் இடித்து, முழங்காலின் உட்புறத் தசைநார் கிழிவதையும், இடுப்பு மூட்டு பின்புறமாக விலகுவதையும் எலும்பு மருத்துவர்கள் நன்கறிவர்.

இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். அங்கே விளிம்பு அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போகும்.

நான்காவது, சாய்மானம். செங்குத்தாகவும் வேண்டாம், படுத்த நிலையிலும் வேண்டாம். செங்குத்து நிலையிலிருந்து சற்றே பின்சாய்ந்து, ஏறத்தாழ 100 முதல் 110 பாகைக் கோணத்தில் இருப்பது கீழ்முதுகுக்கு இதமானது. இரு தோள்களும் சாய்மானத்தை விட்டு விலகாமல் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிய வேண்டும். இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கல் இல்லாத இருக்கையில், சிறு துண்டு ஒன்றைச் சுருட்டி அவ்விடத்தில் வைத்துக்கொள்ளலாம். தடித்த மெத்தை வேண்டாம். அது உங்களை முன்னே தள்ளி, செய்த அளவுகளையெல்லாம் குலைத்துவிடும்.

தலைத்தாங்கி

இருக்கையின் உச்சியில் உள்ள இதனைத் தலை வைத்து ஓய்வெடுக்கும் தலையணையென்றே பலர் எண்ணுகின்றனர். அது கழுத்தைக் காக்கும் கருவியாகும். பின்னாலிருந்து வேறொரு வாகனம் மோதும்போது, இருக்கை உடலை முன்னே தள்ளும்; தலையோ நின்ற இடத்திலேயே நிற்க முயலும். அக்கணத்தில் கழுத்து சாட்டைபோல் பின்னே வளைந்து மீளும். தலைத்தாங்கி சரியான உயரத்தில் இருந்தால் தலையும் உடலோடு சேர்ந்து நகரும், கழுத்து தப்பும்.

அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்தில் இருப்பது சிறப்பு. குறைந்தது காதுகளின் மேல் நுனிக்காவது எட்ட வேண்டும். பின்னந்தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். நான்கு விரல் அகலத்திற்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து மட்டத்தில் தாழ்ந்திருக்கும் தலைத்தாங்கி, மோதலின்போது தலையைத் தாங்காமல் கழுத்து அதன் மேல் மடங்கவே வழி செய்யும். பின்னிருக்கையில் இருப்போருக்குச் சாலை தெரிய வேண்டுமென்று அதைக் கழற்றி வைப்பது கூடாது. கழுத்துப் பட்டை அணிந்திருக்கும் காலத்தில் வண்டி ஓட்டுவதும் கூடாது.

ஸ்டியரிங்

தோள்கள் சாய்மானத்தில் படிந்திருக்க, கையை நேராக நீட்டுங்கள். மணிக்கட்டு ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்பில் அமர வேண்டும். விரல் நுனி மட்டுமே எட்டினால் நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள். முன்கையின் நடுப்பகுதி படிந்தால் மிக அருகில் இருக்கிறீர்கள். சரியான தூரத்தில், வளையத்தைப் பிடித்திருக்கும்போது முழங்கை இயல்பாக மடங்கியிருக்கும்.

இன்னோர் அளவும் உண்டு. ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்நடுப்பகுதிக்குள்தான் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மோதலின்போது அது கண் இமைக்கும் நேரத்தில் பெரும் விசையுடன் விரியும். விரிந்து முடிந்த பையில் உடல் சாய்ந்தால் அது மெத்தை. விரியும்போதே உடல் அதன் மேல் இருந்தால் அதுவே அடி. உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பிரேக்கை எட்டுவதற்காக ஸ்டியரிங்கை ஒட்டி அமர்வதுண்டு. அவர்கள் இருக்கையை உயர்த்தி, சாய்மானத்தை இன்னும் சற்றுப் பின்சாய்த்தால் பெரும்பாலும் இந்த இடைவெளி கிடைத்துவிடும்.

ஸ்டியரிங்கின் சரிவை மாற்ற இயலுமாயின், அதன் நடுப்பகுதி முகத்தை நோக்காமல் மார்பை நோக்குமாறு வையுங்கள். வேகமானி வளையத்தின் ஊடே தெளிவாகத் தெரிய வேண்டும். பூட்டும் நெம்புகோல் இறுகியதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கைகளைக் கடிகாரத்தின் 9, 3 ஆகிய எண்கள் இருக்கும் இடங்களில் வைத்துப் பிடியுங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கு அதிகமாக வரும் தோள் இறுக்கம் உள்ளவர்கள் கையை உயரே தூக்கிப் பிடிப்பதால் வலி மிகும். ஸ்டியரிங்கைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது அவர்களுக்கு உதவும்.

கண்ணாடிகள்

உட்புறக் கண்ணாடியைத் தலையை அசைக்காமல், பின்பக்கக் கண்ணாடி முழுவதும் அதற்குள் அடங்குமாறு வையுங்கள். அதில் பூமாலை, எலுமிச்சை, பொம்மை முதலியவற்றைத் தொங்கவிடுவது பார்வையை மறைக்கும். டாஷ்போர்டின் மேல் வைக்கப்படும் சாமி சிலையும் அவ்வாறே. ஏர்பேக் விரியும் இடத்தில் இருந்தால் அது தெறித்து வரக்கூடும். நம்பிக்கைக்குரிய பொருளுக்கு வண்டியில் பாதுகாப்பான வேறோர் இடம் தேடலாம்.

பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பெரும்பாலோர் தம் காரின் உடலே பாதி தெரியுமாறு வைத்திருக்கின்றனர். அதனால் பக்கத்துத் தடத்தில் வரும் வாகனத்திற்கான இடம் கண்ணாடியில் குறைந்துவிடுகிறது. சரிசெய்ய எளிய வழி உண்டு. தலையை வலப்பக்கச் சன்னலை நோக்கிச் சாய்த்து, அந்நிலையில் காரின் பக்கம் கண்ணாடியின் ஓரத்தில் இழை போலத் தெரியும்வரை வலக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பின்பு தலையைக் காரின் நடுப்பகுதிக்குச் சாய்த்து, இடக் கண்ணாடியையும் அவ்வாறே திருப்புங்கள். நிமிர்ந்து அமர்ந்தபின் காரின் பக்கம் கண்ணாடியில் தெரியாது. அதற்குப் பதிலாக, முன்பு மறைந்திருந்த இடம் தெரியும். இது பழக ஓரிரு நாள்கள் ஆகலாம். மேலும் கீழும் பார்க்கையில் தொடுவானம் கண்ணாடியின் நடுவில் இருக்கட்டும்.

பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை. அவற்றில் வாகனங்கள் சிறியனவாகவும், உண்மையை விடத் தொலைவில் இருப்பன போலவும் தோன்றும். ஆகவே தடம் மாறுமுன் உட்புறக் கண்ணாடியையும் பார்த்துத் தூரத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு திருத்தினாலும் எந்தக் கண்ணாடியிலும் தெரியாத ஓர் இடம் எஞ்சும். இருசக்கர வாகனங்கள் இடமும் வலமும் நெருக்கிச் செல்லும் நம் சாலைகளில் அது சிறிய செய்தியன்று. உங்களுக்கு அவ்விடம் எங்கே என்று அறிய, நிற்கும் காரில் நீங்கள் அமர்ந்திருக்க, வீட்டார் ஒருவரைக் காரின் பின்புறத்திலிருந்து ஒரு கை தூரம் விலகி மெல்ல முன்னே நடந்து வரச் சொல்லுங்கள். வாகனப் போக்குவரத்து இல்லாத வீட்டு முற்றத்திலோ வாகன நிறுத்துமிடத்திலோ இதைச் செய்ய வேண்டும். அவர் உட்புறக் கண்ணாடியில் மறைந்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் தோன்றி, அதிலிருந்தும் மறைந்து, பின்பு நேர்ப்பார்வையில் வருவார். இடையில் எங்கே காணாமற் போகிறார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கழுத்தைத் திருப்ப இயலாதவர்களுக்கு இச்சோதனை இன்றியமையாதது. அவர்கள் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் ஒட்டும் சிறிய குவி கண்ணாடியைப் பொருத்திக்கொள்வது நன்று.

சீட் பெல்ட்

கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல், இருபுறத்து இடுப்பெலும்புகளின் மேல் தாழ்ந்து படிய வேண்டும். வயிற்றின் மேல் இருந்தால் மோதலின்போது குடலும் கல்லீரலும் அழுந்தும். கருவுற்ற பெண்கள் அதனை வயிற்றுக்குக் கீழேயே அணிய வேண்டும். மேற்பட்டை கழுத்தை உரசாமல், தோளை விட்டு நழுவாமல், காறையெலும்பின் நடுவில் சென்று மார்பின் குறுக்கே இறங்க வேண்டும். அக்குளுக்குக் கீழே அதைச் செருகிக்கொள்வது விலா எலும்புகளை முறிக்கும்.

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மார்பில் பட்டை படுவதை அஞ்சிச் சிலர் அணியாமலே பயணம் செய்கின்றனர். ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தழும்பின் மேல் இட்டுப் பட்டையை அணியலாம். பெரிய தலையணை வைத்தால் பட்டை தளர்ந்துவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கவனிக்க: அது பெரும்பாலும் இடக் காறையெலும்பின் கீழே வைக்கப்படுகிறது. நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநரின் பட்டை வலத்தோளிலிருந்து இறங்குவதால் அதன் மேல் படாது. முன்வரிசையில் இடப்பக்கம் அமர்பவருக்கோ பட்டை இடத்தோளிலிருந்து வரும். அங்கே உறுத்தினால் மெல்லிய துணி இட்டுக்கொள்ளுங்கள். பட்டையைத் தவிர்க்க வேண்டாம்.

கால்கள் பேசும் செய்தி

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குத் தம் கால் பிரேக்கின் மேல் உள்ளதா, ஆக்ஸிலரேட்டரின் மேல் உள்ளதா என்பது பார்க்காமல் தெரியாமற் போகலாம். எரிச்சல், மரப்பு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு இருந்தால், ஓட்டுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். தளர்ந்த ரப்பர் செருப்போடு ஓட்ட வேண்டாம். அது மிதிக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். பின்பட்டை உள்ள, அடிப்பாகம் மெல்லிய காலணி நல்லது. ஓட்டுநரின் காலடியில் தண்ணீர்ப் பாட்டில் உருளாதவாறும், தரைவிரிப்பு நகராதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சரியாக அமர்ந்தாலும் நெடுநேரம் அசையாமல் இருப்பது முதுகுக்கும் காலின் இரத்த நாளங்களுக்கும் நல்லதன்று. சென்னையிலிருந்து திருச்சி வரை ஒரே மூச்சில் ஓட்டுவதில் பெருமையில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

உடன் இருப்போருக்கு

நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில் முன்வரிசை இடப்பக்க இருக்கையை முழுவதும் பின்னே தள்ளி, சாய்மானத்தைச் சிறிதளவே சாய்த்து வையுங்கள். நோயாளி காருக்கு முதுகு காட்டி நின்று, முதலில் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, பின்பு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்து உடலை முறுக்கி ஏறுவது, இடுப்பிலும் முதுகிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கு ஆகாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை ஒன்றை இருக்கையில் விரித்தால் திரும்புவது எளிதாகும். திரும்பி அமர்ந்ததும் அதை உருவி எடுத்துவிடுங்கள்.

களைப்பாக இருக்கிறது என்று நோயாளியை ஓடும் காரில் முழுவதும் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிச் சென்று, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறிவிடும். படுத்தே செல்ல வேண்டிய நிலை என்றால் ஆம்புலன்ஸே ஏற்ற வாகனம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. "அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சாவியை வாங்கி வைத்துவிடுவோம்" என்று முடிவெடுக்கும் முன், அவர் அமரும் நிலையை ஒருமுறை பாருங்கள். பிரேக் எட்டாததும், கண்ணாடி தெரியாததும் சில நேரங்களில் முதுமையால் அல்ல, இருக்கையால் நேர்வன. அதே வேளையில், இருக்கையைச் சரிசெய்வதால் தீராதவையும் உள்ளன: மயக்கம், வலிப்பு, தூக்கம் தரும் மருந்துகள், மங்கிய பார்வை, பழகிய வழியே மறந்துபோதல். இவை இருப்பின் வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுவதே முறை. நிற்கும் காரில் பிரேக்கை முழு விசையுடன் அழுத்தும்போது வலியால் கால் தானே பின்வாங்கினாலும், ஓட்டும் நாள் இன்னும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வருமுன், நிற்கும் காரில் கைகளை ஸ்டியரிங்கிலும் காலைப் பிரேக்கிலும் வைத்து அமருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, வீட்டார் ஒருவர் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்கட்டும். அப்படத்தை எங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால், முதுகு, கழுத்து மூன்றும் எப்படி அமைந்துள்ளன என்பதைப் பார்த்து, எதை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அவர் உங்களுக்குச் சொல்வார்.